மரு என்னும் ஒரே சொல்

என் சித்திக்கு ஐம்பது வயது ஆகும் முன்பே இரண்டு கன்னங்களிலும் கண்ணோரங்களிலும் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் எழும்பியிருந்தன. அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. கடைசி மகளின் கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கையில், "மேடையில நிக்கணும், போட்டோ எடுப்பாங்க" என்று ஓர் அழகுநிலையத்துக்குப் போனார். நாற்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகளை ஒரே மூச்சில் சுட்டு எடுத்தார்கள். கல்யாணத்தன்று பொருக்கெல்லாம் உதிர்ந்திருந்தது. மிச்சமிருந்த சிவப்புத் தடத்தை மேக்கப் மூடிவிட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மரு இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். மரு இருந்த காலத்தில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இப்போது விசேஷ வீடுகளில் "முகத்துல என்னக்கா?" என்று கேட்காத ஆள் இல்லை.

தீங்கில்லாத ஒன்றை எடுக்கப்போய் ஏன் இப்படி ஆனது என்ற கேள்வியோடுதான் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன். தோல் மருத்துவர்கள் சிலரிடம் கேட்டேன், நூல்களைப் புரட்டினேன். தேடத் தேட, சிக்கல் கருவியில் தொடங்கவில்லை, அதற்கு முன்னால் சொல்லிலேயே தொடங்குகிறது என்று பட்டது. நம்மிடம் இருப்பது 'மரு' என்ற ஒரே சொல். கழுத்தில் தொங்கும் மெல்லிய சதையும் மருதான், விரலில் சொரசொரப்பாக முளைப்பதும் மருதான், கன்னத்துக் கறுப்புப் புள்ளியும் மருதான், வயதானவர்கள் முதுகில் மெழுகை ஒட்டவைத்ததுபோல் இருப்பதும் மருதான். சில ஊர்களில் இவற்றில் பாதியைப் பாலுண்ணி என்பார்கள். கொஞ்சம் தட்டையாக இருந்தால் மச்சம் என்று ஆகிவிடும். பெயர் ஒன்று என்பதால் வைத்தியமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். சுடுகிறவரும் அப்படியே நினைத்தால் ஆபத்து அங்கே தொடங்குகிறது.

சுஸ்ருத சம்ஹிதை இந்த இடத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறது. தோலோடு சமமாக, எள்ளளவில், கறுப்பாக இருப்பதற்கு அது வைத்த பெயர் திலகாலகம். உளுந்துபோல் மேடாக, வலியில்லாமல் இருப்பது மஷகம். எள்ளும் உளுந்தும்தான் அளவுகோல். இவற்றைச் சுரண்டி, காரத்தாலோ நெருப்பாலோ மெல்ல மெல்லச் சுட வேண்டும் என்பது அது சொல்லும் சிகிச்சை. இன்றைய மின்னூசி செய்வதும் ஏறக்குறைய அதுதான். 'மெல்ல மெல்ல' என்பதைத்தான் நாம் வழியில் தொலைத்துவிட்டோம்.

எதை எது என்று பிரித்துப் பார்ப்போம். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் காம்போடு தொங்குவதை டாக்டர்கள் ஸ்கின் டேக் என்கிறார்கள். உரசல் உள்ள இடத்தில் வரும், உடல் பருத்தால் கூடும், கர்ப்பகாலத்தில் சிலருக்குப் புதிதாக முளைக்கும். தாலிச் சங்கிலி உரசும் கழுத்தில் இது வரிசையாக இருக்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சங்கிலி சிக்கி இழுத்து ரத்தம் வந்த பிறகுதான் பலர் மருத்துவரிடம் போகிறார்கள். கத்தரியால் ஒரு நொடியில் நறுக்கிவிடலாம். ஆனால் கழுத்தில் கொத்தாக இவை இருந்து, கழுத்து மடிப்பும் வெல்வெட் துணிபோல் கறுத்திருந்தால், கத்தரிக்கு முன்னால் ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பதே சரி. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இவை இரண்டும் கைகோத்து வருகின்றன. சென்னையில் உள்ள சர்க்கரைநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரைநோயும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த முன்நிலைக்காரர்களில் எத்தனையோ பேர் தங்கள் கழுத்தை அழகுநிலையத்தில் காட்டியிருப்பார்கள். அங்கே மரு போயிருக்கும், உடம்பு காட்டிய குறிப்பும் அதோடு சேர்ந்து போயிருக்கும்.

கண்ணிமையின் மூக்குப் பக்க ஓரத்தில் மஞ்சளாகப் படியும் கொழுப்புத் திட்டும் இதே கதைதான். வலிக்காது, பார்வையை மறைக்காது. ஆனால் கோபன்ஹேகன் நகரில் 12,745 பேரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. இந்தத் திட்டு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று அது காட்டியது. கொலஸ்ட்ரால் அளவு, வயது எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. திட்டை அமிலம் தொட்டோ லேசரிலோ எடுக்கலாம், தவறில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையும் இதயத்தைப் பற்றிய ஒரு பேச்சும் இல்லாமல் அதை மட்டும் எடுத்து அனுப்புவது தவறு.

விரலிலும் முழங்காலிலும் பாதத்திலும் வரும் சொரசொரப்பான மரு வேறு இனம். ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் தோலுக்குள் புகுந்து உண்டாக்குவது அது. ஒட்டுவாரொட்டி. ஷேவ் செய்யும் ஆண்களின் தாடையில் கோடு பிடித்ததுபோல் வரிசையாக முளைப்பதற்குக் காரணம், பிளேடு அதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நட்டுக்கொண்டே போவது. குழந்தைகளின் உடம்பில் நடுவில் குழியோடு முத்துப்போல் வருவது இன்னொரு வைரஸ், பெரியம்மைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் பொதுவான குணம், உடம்பு எதிரியை அடையாளம் கண்டுகொண்டால் தானாகவே மறைந்துவிடும். குழந்தைகளின் வைரஸ் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுக்குள் எந்த வைத்தியமும் இல்லாமல் போய்விடுகிறது. வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் காணிக்கை போட்டு, மரு மறைந்தது என்று சொல்லும் குடும்பங்கள் ஆயிரம் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. காத்திருக்க ஒரு வழியையும் பொறுமையையும் அந்தக் குளம் கொடுத்தது. மூன்று வயதுக் குழந்தையைப் பிடித்து அமுக்கிச் சுடுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பதே என் எண்ணம்.

இனி என் சித்தியின் கன்னத்துக்கு வருகிறேன். அவருக்கு இருந்ததன் பெயர் டெர்மட்டோசிஸ் பாப்புலோசா நைக்ரா. தோல் மருத்துவர்கள் டி.பி.என். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இதை முதலில் விவரித்தவர் ஆல்டோ காஸ்தெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். 1903 முதல் பத்தாண்டுக்கு மேல் கொழும்பில் அரசு நுண்ணுயிரியல் நிலையத்தில் வேலை பார்த்தவர், யாஸ் என்னும் பறங்கிப்புண்ணின் கிருமியை 1905இல் இலங்கையில் கண்டவர். கறுப்புத் தோலைப் பல ஆண்டு அருகிலிருந்து பார்த்த அவர், ஜமைக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் கண்டதை வைத்து 1925இல் இந்தப் பெயரை வைத்தார். கருந்தோல் மக்களுக்கே பெரும்பாலும் வருவது. பெண்களுக்கு அதிகம். பதின்வயதில் தொடங்கி வயதோடு எண்ணிக்கை கூடும், பல குடும்பங்களில் தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ தொடர்ந்து வரும். பிற்காலத்தில் மரபணுவைச் சோதித்தவர்கள், முதியவர் முதுகில் வரும் மெழுகு மருவில் இருக்கும் அதே திரிபுகள் இதிலும் இருப்பதைக் கண்டார்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று கடுகு என்றால் இன்னொன்று கொண்டைக்கடலை. புற்றுநோயாக இது மாறுவதில்லை. எடுத்தாலும் பக்கத்தில் புதிது வரலாம், ஏனென்றால் மூலம் தோலின் சுபாவத்தில் இருக்கிறது.

இதன் உடலமைப்பில்தான் எல்லா ரகசியமும் இருக்கிறது. டி.பி.என். மேல்தோலில் மட்டும் உட்கார்ந்திருப்பது, உள்தோலுக்குள் வேர்விடாதது. மேல்தோல் காகிதக் கனமே உள்ளது. அதற்குள்ளேயே நிறுத்திக்கொண்டால் தழும்பு விழாது, ஏனென்றால் மேல்தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அதைத் தாண்டி உள்தோலைத் தொட்டுவிட்டால் உடம்பு நாரிழைகளால் ஒட்டுப்போடும். அதுதான் தழும்பு. தேர்ந்த கை என்ன செய்கிறது என்றால், ஊசிமுனையை மரு மேல் வைத்து மிகக் குறைந்த மின்திறனில் தொட்டுத் தொட்டு எடுக்கிறது. மரு சாம்பல் நிறமானதும் நிறுத்திவிடுகிறது. முழுவதையும் அங்கேயே வழித்தெடுப்பதில்லை. ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுகிறது. என் சித்தியைச் சுட்டவர் மரு முழுசாகப் போய்விட்டதா என்று பார்த்துப் பார்த்துச் சுட்டிருக்கிறார். அவருடைய அக்கறைதான் குழியாகவும் வெள்ளைப் புள்ளியாகவும் ஆனது.

கறுப்பு வளையம் எப்படி வந்தது? நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் எளிதில் பதறுபவை. சூடு, கீறல், கொப்புளம், பரு எதுவானாலும் அவை கூடுதலாக மெலனினைக் கொட்டும். கொசு கடித்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதை நாம் அன்றாடம் பார்க்கிறோம், அதே செயல்தான். காயம் பலமாக இருந்தால் அந்த செல்களே செத்துப்போகும், அப்போது வெள்ளைப் புள்ளி. நடுவில் செத்தவை, சுற்றிலும் பதறியவை. சித்தி முகத்தின் வரைபடம் அப்படி உருவானதுதான்.

உறைய வைக்கும் முறையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நியூயார்க்கில் கேம்பல் ஒயிட் என்ற மருத்துவர் 1899இல் திரவக் காற்றைத் தொட்டு மருக்களை உறையவைத்தார். பிறகு மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜன் அந்த இடத்தைப் பிடித்தது. மேலைநாடுகளில் மரு என்றால் முதலில் கைக்கு வருவது அதுதான். ஆனால் நிறச் செல் மைனஸ் 5 டிகிரி அளவிலேயே இறந்துவிடும். தோலின் மற்ற செல்களைக் கொல்ல மைனஸ் 20க்கும் கீழே போக வேண்டும். அதாவது மரு சாவதற்கு முன்பே நிறம் செத்துவிடும். வெள்ளைத் தோலில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. நம் கன்னத்தில் வெண்புள்ளியாக நிற்கும். அங்கே நல்ல வைத்தியமாக இருப்பது இங்கே முகத்துக்கு ஒவ்வாததாகிவிடுகிறது. தோலை நிறவாரியாக வகைப்படுத்த ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த அளவுகோல்தான் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதுவும் வெயிலில் வெள்ளைத் தோல் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்துத் தொடங்கியது. பழுப்பும் கறுப்பும் பின்னால்தான் சேர்ந்தன. நம் தோல் அதன் கடைசி மூன்று படிகளில் வரும். லேசர் எந்திரத்தில் என்ன அளவு வைப்பது என்ற கேள்விக்கு அந்தக் கடைசிப் படிகளுக்கென்று தனி விடை வேண்டும். எந்திரத்தோடு வரும் கையேட்டை அப்படியே பின்பற்றினால் போதாது.

கருவிகளின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்சாரத்தால் வெட்டி ரத்தத்தையும் நிறுத்தும் கருவியை வில்லியம் போவி செய்துகொடுக்க, ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர் 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் முதன்முதலாக அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார். இன்று மரு சுடும் சின்னப் பெட்டி அதன் வழித்தோன்றல். கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் கண்டுபிடித்த குமார் படேல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். அந்தக் கதிரைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். தோல் செல்லில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் செல் அப்படியே ஆவியாகிவிடும். இரண்டில் எது மேல் என்று கேட்பவர்கள் அதிகம், விளம்பரப் பலகைகளில் 'லேசர்' என்ற எழுத்துத்தான் பெரிது. கன்னத்து மருவைப் பொறுத்தவரை, எந்திரத்தைப் பிடித்திருக்கும் கையைவிட எந்திரத்தின் பெயருக்கு அதிக விலை கொடுக்கிறோம் என்று நினைக்கிறேன். குறைந்த அளவில் வைத்த சாதாரண மின்னூசி நல்ல கையில் லேசருக்குச் சளைத்ததில்லை. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் மின்கருவி என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மச்சம் தனி வழக்கு. மேடான மச்சத்தின் செல்கள் உள்தோலின் ஆழம்வரை இறங்கியிருக்கும். மேலே மட்டும் சுட்டுவிட்டால் அடியில் இருப்பவை மறுபடி நிறத்தை மேலே அனுப்பும், தழும்புக்குள்ளிருந்து தாறுமாறான வடிவில் வரும். அந்த வடிவம் மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றைப்போலவே இருக்கும். நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் நிபுணரே தடுமாறும் அளவுக்கு ஒற்றுமை உண்டு என்பதால் இதற்குப் 'போலி மெலனோமா' என்றே பெயர் வைத்தார்கள். சரி, அடியோடு வெட்டி எடுப்போம் என்றால் கணக்கு வேறு. வட்டமாக வெட்டித் தைத்தால் முனைகள் புடைக்கும், அதனால் படகு வடிவில், அகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்டுவார்கள். 5 மில்லிமீட்டர் மச்சத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தையல் தழும்பு. இதைக் கேட்டபின் பலர் மச்சத்தோடு சமாதானமாகிவிடுகிறார்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னார். மார்பு, தோள், காது மடல், தாடை ஓரம் ஆகிய இடங்களில் தழும்பு அதோடு நிற்காமல் நண்டுக் கொடுக்குபோல் படர்ந்து வளரும் கீலாய்டு ஆகலாம். கருந்தோலுக்கு அந்தச் சுபாவம் அதிகம். காது குத்திய இடம் உருண்டையாகத் திரண்ட அத்தையோ அண்ணியோ யார் குடும்பத்திலாவது இருந்தால், நெஞ்சில் இருக்கும் மச்சத்தின் மேல் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

'தீங்கில்லாதது' என்ற தீர்ப்பை யார் எப்படிக் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் கண்தான் கொடுக்கிறது. பயிற்சி பெற்ற கண், அதோடு டெர்மாஸ்கோப் என்னும் ஒளியும் உருப்பெருக்கியும் சேர்ந்த சின்னக் கருவி. மச்சங்களைப் பார்க்க நியூயார்க் மருத்துவர்கள் 1985இல் ஒரு வாய்பாடு கொடுத்தார்கள். இரண்டு பாதியும் ஒத்திருக்கிறதா, ஓரம் ஒழுங்கா, நிறம் ஒன்றா பலவா, 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்பவை அதன் கேள்விகள். மாறிக்கொண்டே இருக்கிறதா என்பது பின்னால் சேர்ந்தது. என்னைக் கேட்டால் நமக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. வளர்கிறது, கசிகிறது, ஆறி ஆறிப் புண்ணாகிறது என்றால் அது அழகுப் பிரச்சினை இல்லை. அடித்தளச் செல் புற்று நம் தோலில் வரும்போது பெரும்பாலும் கறுப்பாகவே வரும். மூக்கோரத்தில், கண்ணுக்குக் கீழே, பளபளப்பான கறுப்பு மேடாக இருக்கும். பார்க்கிறவர் மச்சம் என்பார். அதைச் சுட்டுவிட்டால் மேல் பகுதி போய்விடும், அடிப்பகுதி சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும்.

மெலனோமா இந்தியர்களிடையே அரிது. அப்படி வந்தால் முகத்தில் வருவதைவிட உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வருவதே கருந்தோல் மக்களிடம் அதிகம். பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த கறுப்பைக் கால்பந்தில் பட்ட அடி என்றே நினைத்தார்கள். 1977இல் அது மெலனோமா என்று தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். கன்னத்துப் புள்ளியைக் கண்ணாடியில் நாள்தோறும் எண்ணுகிற நாம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. செருப்பில்லாமல் வயலில் நடக்கும் ஒருவர், காலில் ஆறாத கறுப்புப் புண்ணை முள் குத்தியது என்று வருடக்கணக்கில் வைத்திருப்பது நம் ஊரில் நடக்காததா?

வீட்டு வைத்தியங்களைப் பற்றிப் பேசும்போது ஏளனம் கூடாது, கண்மூடித்தனமும் கூடாது. காம்புள்ள மருவைக் குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டுவது நம் பாட்டிமார் செய்தது. ரத்தம் போகாமல் மரு கருகி விழும். தத்துவத்தில் பிழையில்லை, இன்றைய மருத்துவத்திலும் கட்டிப்போடும் முறை உண்டு. கட்டிய இடம் சீழ்பிடிக்கலாம் என்பதும், கட்டப்படுவது மருதானா என்று யாரும் பார்க்கவில்லை என்பதும்தான் குறை. அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளினால் வரும் பாலைத் தடவுவார்கள். அது தோலை அரிக்கும் பால். விரல் மருவில் தடவலாம் என்பவர்கள் கண்ணிமை மருவிலும் தடவிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது உண்டு. மிக மோசமானது சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைப்பது. அமிலம் சுட்டால் மேலே இறுகி ஒரு மூடிபோல் நிற்கும், ஓரளவு அங்கேயே தங்கிவிடும். காரம் அப்படியில்லை. சதையைக் கரைத்துக்கொண்டே கீழே கீழே போகும். துடைத்தெடுத்த பிறகும் வேலை நிற்காது. மேல்தோலோடு நிற்க வேண்டிய சிகிச்சைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பொருள் இருக்க முடியாது. இந்தக் கலவையைக் காட்டி "மூன்றே நாளில் மரு மாயம்" என்று ஓடும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பாட்டியின் கலவை இப்போது பெட்டியில் அடைத்து வீட்டு வாசலுக்கே வருகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் அமேசான் உள்ளிட்ட மூன்று நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மச்சத்தையும் தோல் தொங்கலையும் வீட்டிலேயே எடுக்க என்று விற்கப்படும் எந்தக் களிம்புக்கும் சொட்டு மருந்துக்கும் தான் அனுமதி தந்ததில்லை என்பது அதன் சாரம். அனுமதி பெற்று வந்த ஒன்று வயோதிக மெழுகு மருவுக்கானது. 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 2017 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது, மருத்துவர் கையால் மட்டுமே தடவ வேண்டியது. இரண்டே ஆண்டில் தயாரிப்பாளரே அதன் விற்பனையைக் கைவிட்டார். அத்தனை பணமும் சோதனையும் போட்டு வந்த மருந்துக்கே அந்தக் கதி என்றால், எந்த விவரமும் ஒட்டாமல் வரும் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவர் யோசிக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். நம் நாட்டில் மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அழகுக்கான அறுவைக்கு உண்டு. பிறவிக் குறை, விபத்து போன்றவற்றால் சிதைந்ததைச் சீராக்கினால் மட்டும் விலக்கு. மருத்துவக் காப்பீட்டிலும் தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் வராது, மருத்துவத் தேவை என்று சான்று இருந்தால்தான் வரும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை 2018 நவம்பரில் 17 சிகிச்சைகளைப் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தியது. தீங்கில்லாத தோல் வளர்ச்சிகளை எடுப்பது அதில் ஒன்று. ரத்தம் கசிகிறதா, அடிக்கடி புண்ணாகிறதா, பார்வையை மறைக்கிறதா என்ற நிபந்தனைகளில் ஒன்றாவது இருந்தால்தான் அரசு எடுத்துக்கொடுக்கும். பொதுப்பணத்தைப் பங்கிடுபவர்கள் எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. நம் ஊரில் என்னை உறுத்துவது வேறு. பல இடங்களில் விலை 'ஒரு மருவுக்கு இவ்வளவு'. எண்ணிக்கை கூடினால் வருமானம் கூடும் என்கிற கணக்கில், "இதில் பாதியை விட்டுவிடலாம்மா" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? முதலில் காதோரத்தில் மறைவாக ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்து, ஆறு எட்டு வாரம் தோல் எப்படி ஆறுகிறது என்று கவனித்து, பிறகு முகத்துக்கு வருவதுதான் கருந்தோலுக்கான முறை. அதற்குள் கல்யாணம் வந்துவிடும் என்று சித்தி அவசரப்பட்டார். வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதே வேலையைச் செலவில்லாமல் செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காலையில் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுக்க நினைப்பதே வீண் ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. "அவனுக்கு உடம்பெல்லாம் மச்சம்" என்று அதிர்ஷ்டத்தை மெச்சுகிறோம், குழந்தையின் கன்னத்தில் கண்ணேறு கழிய நாமே கறுப்புப் பொட்டு வைக்கிறோம். அதே கன்னத்தில் தானாக ஒன்று வந்தால், அதுவும் பெண்ணாக இருந்தால், பெண் பார்க்க வருகிறவர்கள் கண் அங்கேதான் போகிறது. கேலியை வாங்குபவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். கண்ணிமை மரு உறுத்துகிறவருக்கும், ஷேவ் செய்யும்போதெல்லாம் ரத்தம் வருகிறவருக்கும், கண்ணாடியில் தன்னைப் பார்க்கப் பிடிக்காதவருக்கும் ஒரே அளவு மரியாதை தர வேண்டும். பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதிய மச்சத்தை எடுத்தால் பின்னால் வேலைக்குப் போகும்போது சிக்கலாகுமா என்று பெற்றோர் கேட்கிறார்களாம். மருத்துவர் ஒரு சான்று எழுதிக் கொடுத்தால் தீர்கிற விஷயம் அது, அதற்காக யாரும் ஒரு மச்சத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

சுட்டுப் பொசுக்கியதைப் பரிசோதிக்க முடியாது. வெட்டியெடுத்ததை முடியும். கத்தரியும் கத்தியும் இன்னும் மதிப்போடு இருப்பதற்கு அது ஒரு காரணம். கன்னத்தில் நாற்பது இருந்தால் நாற்பதையும் சோதிக்க வேண்டியதில்லை, பழகிய கண்ணே போதும். சந்தேகம் உள்ள ஒன்று இருந்தால் அதை மட்டும் ஃபார்மலின் புட்டியில் போட்டு அனுப்ப வேண்டும்.

சித்தியைப் போன மாதம் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அழைத்துப்போனேன். வெள்ளைப் புள்ளிகளில் சில இனி நிறம் திரும்பாது என்று அந்தப் பெண் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். கறுப்பு வளையத்துக்குக் களிம்பும், வெயிலுக்கு சன்ஸ்கிரீனும் எழுதினார். பிறகு டெர்மாஸ்கோப்பை எடுத்து முகம் முழுக்க மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தவர், மூக்குக்கு இடதுபுறம் இருந்த ஒன்றில் நின்றார். அழகுநிலையத்தில் சுட்டும் திரும்பி வந்தது அது ஒன்றுதானா என்று கேட்டார். ஆமாம் என்றார் சித்தி. மரத்துப்போக ஊசி போட்டு, உளுந்தில் பாதி அளவுக்கு ஒரு துண்டை எடுத்து, புட்டியில் போட்டு மூடி, மேலே சித்தியின் பெயரை எழுதினார். அடுத்த வாரம் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.